கைபேசி வழிக் கல்வி: வாசகர் கேள்வி – பதில்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்து ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவர்களும் அனுப்பிய கேள்விகளில், செய்முறை விளக்கம் தேவைப்பட்டவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: பாடநூலில் உள்ள கியூஆர் கோடை வகுப்பில் ஸ்கேன் செய்தால் பாதி நாள் திறப்பதே இல்லை. திறந்தாலும் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது. பிள்ளைகள் பொறுமை இழந்து பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். வேறு வழி உண்டா?
– ஆசிரியை, குறிஞ்சிப்பாடி

வகுப்பில் ஸ்கேன் செய்யவே வேண்டாம். அது முதல் நாள் மாலையே முடிந்திருக்க வேண்டிய வேலை.

உங்களுக்கு இருப்பவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். கியூஆர் கோடு பிடிபடாதது ஒன்று, இணையம் இழுக்காதது இன்னொன்று. கோடு பிடிபடாததற்குப் பெரும்பாலும் காரணம் டியூப்லைட்டின் எதிரொளி. வழவழப்பான தாளிலும் பிளாஸ்டிக் உறையிலும் வெளிச்சம் பட்டுத் திரும்பினால் கேமராவுக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் பிரிந்து தெரியாது. நடுமடிப்பையொட்டி அச்சாகியிருந்தால் பக்கம் வளைந்து கட்டங்கள் கோணலாகும். புத்தகத்தை நன்றாக விரித்து அழுத்திப் பிடித்து, கேமராக் கண்ணாடியைத் துணியால் துடைத்து, 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் கைபேசியைச் சற்றே சாய்த்துப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் கோட்டின் அடியில் அச்சிட்டிருக்கும் 6 எழுத்துக் குறியீட்டை, மத்திய அரசின் பள்ளிப் பாடங்களுக்கான தீக்‌ஷா செயலியின் தேடல் பெட்டியில் தட்டச்சு செய்தால் அதே பாடம் வந்துவிடும். ஸ்கேன் செய்வதை தீக்‌ஷாவுக்குள் இருந்தே செய்யுங்கள். கைபேசியின் சாதாரணக் கேமராவில் செய்தால் பிரவுசரில் திறந்துகொள்ளும், செயலியில் சேமித்து வைக்க முடியாது.

இணையச் சிக்கலுக்குப் பதிவிறக்கம்தான் தீர்வு. வீட்டில் பாடத்தைத் திறந்து பதிவிறக்கக் குறியை அழுத்திவிட்டால் மறுநாள் சிக்னல் இல்லாமலே ஓடும். ஓடுகிறதா என்பதை ஏரோபிளேன் மோடில் போட்டு ஒரு முறை சரிபாருங்கள். பலர் இந்தச் சோதனையை விட்டுவிடுவதால்தான், பதிவிறக்கியதாக நினைத்திருந்த பாடம் வகுப்பில் இணையம் கேட்கிறது. யூடியூப் போன்ற தளங்களில் 360 தரத்தில் ஒரு மணி நேர வீடியோ ஏறத்தாழ 300 எம்பி எடுக்கும். 720 தரத்தில் 1 ஜிபியைத் தாண்டிவிடும். 8 நிமிடக் காணொளிக்கு 360 தரம் என்றால் 40 எம்பி போதும். அச்செழுத்தும் படக்குறிப்பும் நிறைந்த கணக்குப் பாடத்துக்கு மட்டும் உயர்ந்த தரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பதிவிறக்கியதை தீக்‌ஷாவிலிருந்தே கோப்பாக எடுத்து, அருகிலுள்ள கைபேசிக்குக் கோப்பு அனுப்பும் குவிக் ஷேர் வழியாகப் பக்கத்து வகுப்பு ஆசிரியருக்குக் கொடுக்கலாம். அதற்கு டேட்டா செலவில்லை.

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறை 2023-ல் கொண்டுவந்த மணற்கேணி செயலியில் பாடங்கள் சிறு கருத்துகளாகப் பிரிந்திருக்கின்றன. ஒரு பாடவேளைக்கு ஒரு கருத்து என எடுத்துக்கொள்ள அது வசதி. எந்தச் செயலியானாலும், வீடியோ தொடர்ச்சியாக 8 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். நடுவில் இரண்டு இடங்களில் நிறுத்தி, ‘அடுத்து என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். அந்த இரண்டு இடங்களையும் முதல் நாளே குறித்து வைத்துக்கொண்டால்தான் சரியான இடத்தில் நிறுத்த முடியும்.

கேள்வி: பென் டிரைவில் போட்டுக் கொண்டுபோன வீடியோ பள்ளியின் டிவியில் சில நாள் ஓடுகிறது, சில நாள் ஓடுவதில்லை. படம் வந்தால் சத்தம் வருவதில்லை. டைப்-சி எச்டிஎம்ஐ கேபிள் வாங்கியும் பலனில்லை.
– தலைமை ஆசிரியர், கிள்ளை

கேபிளைக் குறை சொல்ல முடியாது. விலை குறைந்த கைபேசிகளில் பெரும்பாலானவற்றின் டைப்-சி துளை சார்ஜ் ஏற்றவும் கோப்பு மாற்றவும் மட்டுமே, படத்தை வெளியே அனுப்பாது. வாங்குவதற்கு முன் கைபேசியின் விவரத்தில் ‘டிஸ்பிளே போர்ட்’ என்று இருக்கிறதா பார்க்க வேண்டும். கம்பியில்லாமல் திரையைப் பகிரும் வசதி பல டிவிகளில் உண்டு. ஆனால் அழைப்போ வாட்ஸ்அப் செய்தியோ வந்தால் அதுவும் வகுப்பு முழுக்கத் தெரியும். பென் டிரைவ்தான் நம்பகமானது.

பென் டிரைவை ஃபேட்32 என்ற கோப்பு அடுக்கும் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். பழைய டிவிகள் பலவற்றுக்கு மற்ற முறைகள் புரியாது. ஃபேட்32-ல் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, பாட வீடியோ எதுவும் அந்த அளவுக்கு வராது. வீடியோ எம்பி4 வகையில், எச்.264 என்ற சுருக்கும் முறையில் (குறியாக்கம்) இருக்க வேண்டும். புதிய கைபேசிகள் இடத்தை மிச்சப்படுத்த எச்.265-ல் பதிவு செய்கின்றன. பழைய டிவியால் அதைப் பிரிக்க முடியாது, கறுப்புத் திரைதான் வரும். கேமரா அமைப்பில் இதை மாற்றிவிட்டு 1080 தரத்தில் பதிவு செய்யுங்கள். ஏற்கெனவே எடுத்துவிட்டதைக் கணினியில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளால் மாற்றிக்கொள்ளலாம். படம் வந்து ஒலி வராவிட்டால் ஒலியின் குறியாக்கம் டிவிக்குப் பொருந்தவில்லை என்று பொருள். அதே மென்பொருளில் ஒலியை ஏஏசி என்ற குறியாக்கத்துக்கு மாற்றினால் சரியாகும். கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைத்தால் சில டிவிகளில் வெறும் கட்டங்களாகத் தெரியும். வகுப்பு, பாடம், வரிசை என எண்களாலேயே பெயர் வையுங்கள்.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்று. 43 அங்குல டிவியின் திரை உயரம் 53 செ.மீ.தான். கடைசி வரிசைப் பிள்ளை 6 மீட்டர் தள்ளி இருந்தால் எழுத்து குறைந்தது 3 செ.மீ. உயரம் வேண்டும். தமிழில் மேல்விலங்கும் கீழ்ச்சுழியும் இருப்பதால் வரிகளுக்கு நடுவே இடமும் கூடுதலாகத் தேவை. ஆகவே ஒரு திரைக்கு 8 வரிக்கு மேல் போடாதீர்கள். பாடநூல் பக்கத்தை அப்படியே படமெடுத்துக் காட்டினால் பின்வரிசைக்கு ஒன்றும் தெரியாது.

கேள்வி: ஆய்வகக் கருவிகள் போதவில்லை. ஆசிரியர்களிடம் உள்ள இரண்டு மூன்று கைபேசிகளை வைத்தே இயற்பியல் சோதனை ஏதாவது செய்ய முடியுமா?
– அறிவியல் ஆசிரியர், வில்லியனூர்

தாராளமாக முடியும். வீடியோ பார்ப்பதைவிட, கைபேசியை அளவுகோலாக்குவது பல மடங்கு மேலான பயன்பாடு என்பது எங்கள் உறுதியான கருத்து. ஜெர்மனியின் ஆக்கன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட ஃபைபாக்ஸ் என்ற இலவசச் செயலி, கைபேசிக்குள் இருக்கும் உணரிகளின் அளவீட்டை நேரடியாகக் காட்டும். விளம்பரம் கிடையாது, நிறுவிய பிறகு இணையமும் தேவையில்லை.

ஒலியின் வேகத்தை அளந்து தொடங்குங்கள். இரண்டு கைபேசிகளிலும் ஃபைபாக்ஸின் ஒலி நிறுத்துக் கடிகாரத்தைத் திறக்கவும். ஒரு சத்தம் கேட்டால் அது ஓடத் தொடங்கும், அடுத்த சத்தத்தில் நிற்கும். நாடாவால் அளந்து இரண்டையும் சரியாக 5 மீட்டர் இடைவெளியில் வையுங்கள். ஒவ்வொரு கைபேசியின் அருகிலும் ஒரு மாணவர், இரு கைபேசிகளையும் சேர்க்கும் கோட்டிலேயே நிற்கட்டும். முதல் மாணவர் ஒரு முறை கை தட்டுவார். அவர் அருகில் உள்ள கடிகாரம் உடனே ஓடும், எதிரில் உள்ளது ஒலி போய்ச் சேர்ந்த பிறகு ஓடும். ஓரிரு வினாடி கழித்து இரண்டாமவர் தட்டுவார். இப்போது அவர் பக்கத்துக் கடிகாரம் முதலில் நிற்கும், எதிர்ப்பக்கம் தாமதமாக நிற்கும். இரண்டு கடிகாரங்களும் காட்டும் நேரங்களின் வேறுபாடு, ஒலி 5 மீட்டர் போய் 5 மீட்டர் வர ஆகும் நேரம். 10 மீட்டரை அந்த வேறுபாட்டால் வகுத்தால் வேகம் கிடைக்கும்.

நம் ஊரில் காற்றின் வெப்பநிலை 30 டிகிரி என்றால் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் (331 உடன், ஒவ்வொரு டிகிரிக்கும் 0.6 கூட்ட வேண்டும்). எனவே வேறுபாடு 0.0287 வினாடி அளவில் வர வேண்டும். இதில் ஆயிரத்தில் ஒரு வினாடி பிசகினால் விடை 12 மீட்டர் தள்ளிப்போகும். ஆகவே 10 முறை செய்து சராசரி எடுங்கள். நீண்ட தாழ்வாரம் இருந்தால் இடைவெளியை 10 மீட்டராக்குங்கள், பிழை பாதியாகும்.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. பிள்ளைகளின் பேச்சுக்கே கடிகாரம் ஓடிவிட்டால் செயலியில் ஒலி வரம்பை உயர்த்துங்கள். ரொம்ப உயர்த்தினால் எதிர்முனைக் கைதட்டல் கேட்காது, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். கை தட்டிய உடனே கடிகாரம் நின்றுவிட்டால் அது சுவரில் மோதி வந்த எதிரொலி. குறைந்தபட்ச இடைவெளி என்ற அமைப்பை 0.3 வினாடி ஆக்கினால் போதும். மூன்றாவது, மின்விசிறியும் கடற்காற்றும். கடற்கரையில் இந்தச் சோதனை தேறாது. சன்னலைச் சாத்திய அறையில் விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்து அதே கடிகாரத்தில் ஒரு பொருள் கீழே விழும் நேரத்தை அளக்க, மேசை விளிம்பில் ஸ்கேல் ஒன்றை நீட்டி அதன் நுனியில் இரும்பு வாஷரை வைத்து, ஸ்கேலைச் சட்டென்று பக்கவாட்டில் தட்டிவிடுங்கள். தட்டிய சத்தத்தில் ஓடி, வாஷர் கீழே வைத்த தட்டில் விழும் சத்தத்தில் நிற்கும். 1.25 மீட்டர் உயரத்துக்கு 0.505 வினாடி வர வேண்டும். ஊசல் சோதனைக்கு மட்டும் சுழற்சியை அளக்கும் ஜைரோஸ்கோப் உணரி தேவை, விலை குறைந்த கைபேசிகள் பலவற்றில் அது இருக்காது. முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்சுற்றுப் பாடத்துக்கு அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் உருவகச் செயல்பாடுகளை (திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகள்) பயன்படுத்தலாம். தமிழிலும் பல உள்ளன. ஒவ்வொன்றையும் ஒற்றைக் கோப்பாக இறக்கி, இணையமில்லாமல் பிரவுசரில் ஓட்டலாம். ஆனால் உண்மையான பேட்டரியும் பல்பும் ஒரு முறையாவது கையில் பட்ட பிறகு அதைக் காட்டுங்கள்.

கேள்வி: புதுச்சேரி அரசுப் பள்ளி சி.பி.எஸ்.இ.க்கு மாறிய பிறகு 6-ம் வகுப்பு படிக்கும் என் மகள் ஆங்கிலப் புத்தகத்தோடு திண்டாடுகிறாள். எனக்கும் ஆங்கிலம் அவ்வளவாக வராது. வீட்டில் ஒரு போன்தான். அதை வைத்து நான் எப்படி உதவுவது?
– ஒரு தாய், பாகூர்

உங்களால் நன்றாகவே உதவ முடியும். பாடத்திட்டம் மாறினாலும் பாடத்தின் பொருள் ஒன்றுதான். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் பயன்படும் என்.சி.இ.ஆர்.டி.யின் 6-ம் வகுப்பு அறிவியல் நூலில் காந்தங்கள் பற்றி ஒரு பாடம் உண்டு. தமிழ்நாட்டு 6-ம் வகுப்பு அறிவியலின் மூன்றாம் பருவத்தில் ‘காந்தவியல்’ இருக்கிறது. முதலில் தமிழ்ப் பாடத்தை நீங்களும் மகளும் சேர்ந்து 15 நிமிடம் படியுங்கள். தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் தளத்தில் புத்தகங்களைக் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். பொருள் மனத்தில் பதிந்த பிறகு ஆங்கிலப் பாடத்தைத் திறந்தால் அவளுக்குப் பாதிப் பயம் போய்விடும்.

ஆங்கிலத்தைப் படிக்கத் தடுமாறினால் ஆண்ட்ராய்டு கைபேசியின் அணுகல்தன்மை அமைப்பில் ‘தேர்ந்தெடுத்து வாசி’ என்ற வசதியை இயக்கி, வாசிப்பு வேகத்தைக் குறைத்து வையுங்கள். பத்தியைத் தொட்டால் அது வாசிக்கும், மகள் விரல் வைத்துப் பின்தொடரட்டும், பிறகு அவளே உரக்கப் படிக்கட்டும். கூகுள் லென்ஸில் முழுப் பக்கத்தையும் தமிழாக்காதீர்கள். வாக்கியம் சிதைந்து, அறிவியல் சொல்லும் மாறி வரும். புரியாத ஒரு வரிக்கு மட்டும் பயன்படுத்துங்கள். பழைய எழுத்துருவில் தட்டச்சான தமிழ் பிடிஎப்களை வாசிக்கும் வசதி உளறும். அங்கே நீங்களே வாசித்துக் காட்டுவதுதான் நல்லது.

போன் உங்களுடையது என்பதால், மகள் படிக்கும்போது பாதுகாப்பு அமைப்பில் உள்ள ‘செயலியைப் பின் செய்’ வசதியைப் போட்டுக் கொடுங்கள். ரகசிய எண் இல்லாமல் வேறு செயலிக்குப் போக முடியாது.

கேள்வி: ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போன் பார்க்க விடலாம்? கண்ணுக்கு நீல ஒளிக் கண்ணாடி வாங்க வேண்டுமா?
– ஒரு தந்தை, நெய்வேலி

இணைய வகுப்புகளுக்காக மத்தியக் கல்வி அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட பிரக்யாதா வழிகாட்டி, 1 முதல் 8-ம் வகுப்பு வரை நாளுக்கு 30 முதல் 45 நிமிடங்கள் கொண்ட 2 அமர்வுகள், 9 முதல் 12 வரை 4 அமர்வுகள் என்று மேல் வரம்பு சொன்னது. பள்ளிக்கு நேரில் போய்வரும் பிள்ளைக்கு அந்த அளவும் தேவையில்லை. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு அரை மணி, அதுவும் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது.

நீல ஒளிக் கண்ணாடிக்குப் பணம் செலவிடாதீர்கள். அது கண்களைப்புக்குப் பலன் தருவதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. திரையை 30 செ.மீ.க்குக் குறையாமல் தள்ளிப் பிடிப்பதும், 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடிக்கு அப்பால் 20 வினாடி பார்ப்பதும் செலவில்லாதவை. கிட்டப்பார்வை வராமல் தடுக்க, பகல் வெளிச்சத்தில் நாளுக்கு 2 மணி நேரம் வெளியே விளையாடுவது உதவுகிறது. யூடியூபில் அடுத்தது தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். பிள்ளை எழுந்து வராததற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

கேள்வி: 10-ம் வகுப்பு படிக்கிறேன். வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. தேர்வில் எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. ஏன்?
– மாணவி, சிதம்பரம்

புரிவது வேறு, நினைவிலிருந்து எடுப்பது வேறு. வீடியோ முதலாவதை மட்டும் செய்கிறது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தை மறுபடி மறுபடி படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து முந்தினார்கள். பொதுத்தேர்வு அந்த இரண்டாவது வகை.

8 நிமிடம் பாருங்கள். கைபேசியைக் கவிழ்த்து வேறு அறையில் வையுங்கள். வெற்றுத்தாளில் நினைவுக்கு வருவதையெல்லாம் படத்தோடு எழுதுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதைச் சிவப்பு மையில் சேருங்கள். மறுபடி அந்த வீடியோவுக்குப் போகாதீர்கள். சிவப்பில் எழுதியதை மட்டும் 2 நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் பார்க்காமல் எழுதுங்கள். தொடக்கத்தில் தாள் பாதி வெறுமையாகத்தான் இருக்கும், மனம் தளராதீர்கள். அந்தத் திணறல்தான் பாடத்தை மனத்தில் நிறுத்துகிறது.

வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுவது ஏற்கெனவே தெரிந்ததைத் திருப்பிப் பார்க்க மட்டும்.

கேள்வி: வீட்டுப்பாடத்தை செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு எழுதுகிறார்கள். தடுக்கவா, விடவா?
– தமிழாசிரியர், விருத்தாசலம்

வீட்டுப்பாடத்தை மாற்றுங்கள். ‘மழைநீர் சேகரிப்பு பற்றிக் கட்டுரை’ என்றால் செயலி எழுதிவிடும். ‘உங்கள் தெருவில் மழைநீர் எங்கே தேங்குகிறது, ஏன்? வரைபடத்தோடு எழுதுக’ என்றால் பிள்ளை வெளியே போய்ப் பார்த்தாக வேண்டும். செயலியின் விடையைப் பாடமாகவும் ஆக்கலாம். ஒரு வெண்பா எழுதச் சொல்லுங்கள், வகுப்பே சேர்ந்து சீர் பிரித்துத் தளை பார்க்கட்டும். தளை தட்டும் இடங்கள் நிறையக் கிடைக்கும். இல்லாத குறளை வள்ளுவர் பெயரில் சொல்வதும் உண்டு. குறள் எண்ணோடு நூலில் சரிபார்க்கும் பழக்கத்தை இதிலேயே கற்றுக்கொடுத்துவிடலாம்.

கேள்வி: வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தாய்மார்களின் எண்கள் எல்லாருக்கும் தெரிகின்றன. இரவில் தேவையற்ற செய்திகள் வருவதாகப் புகார்.
– ஆசிரியை, பண்ருட்டி

குழுவை இன்றே கலைத்துவிட்டு, வாட்ஸ்அப் ‘கம்யூனிட்டி’யின் அறிவிப்புப் பகுதிக்கு மாறுங்கள். அங்கே உறுப்பினர்களின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாது, நிர்வாகி மட்டுமே செய்தி போட முடியும். மதிப்பெண் பட்டியலையும் பிள்ளைகளின் ஒளிப்படங்களையும் போடாதீர்கள். 2023-ம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லாரையும் குழந்தைகளாகவே கருதுகிறது, அவர்களின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. தொல்லை தொடர்ந்தால் திரைப்பிரதியை (ஸ்கிரீன்ஷாட்) அழிக்காமல் வைத்துக்கொண்டு, இணையக் குற்றங்களுக்கான cybercrime.gov.in தளத்திலோ அருகிலுள்ள காவல் நிலையத்திலோ புகார் செய்யச் சொல்லுங்கள். பிள்ளைக்கே தொல்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகையில் கரண்டும் சிக்னலும் சேர்ந்து போய்விடுகின்றன. அந்த நாட்களில் பிள்ளைகள் படிக்க என்ன ஏற்பாடு செய்யலாம்?
– ஒரு பெற்றோர், தேவனாம்பட்டினம்

2011 டிசம்பர் 30-ல் தானே புயலும், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயலும் நம் கரையைத் தாக்கியதை யாரும் மறக்கவில்லை. ஆகவே ஏற்பாட்டை அக்டோபர் முதல் வாரத்திலேயே முடியுங்கள். இரண்டு மாதப் பாடங்களின் பிடிஎப்களையும் வீடியோக்களையும் இறக்கி மெமரி கார்டில் வையுங்கள். கிவிக்ஸ் என்ற இலவசச் செயலியில் தமிழ் விக்கிப்பீடியாவையே இறக்கி, இணையமின்றிப் படிக்கலாம்.

10,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்று எழுதியிருந்தாலும், மின்னழுத்த மாற்றத்தில் இழப்பு போகக் கைபேசிக்குக் கிடைப்பது 6,000 அளவுதான். 5,000 எம்ஏஎச் கைபேசியை ஒரு முறை நிரப்பினால் கொஞ்சம்தான் மிஞ்சும். சிக்னல் தேடுவதிலேயே பேட்டரி வேகமாகக் கரையும் என்பதால், படிக்கும் நேரத்தில் ஏரோபிளேன் மோடில் போட்டு, திரை வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். கைபேசியின் முதல் வேலை அந்த நாட்களில் அவசர அழைப்பு. பேட்டரி 40 விழுக்காட்டுக்கு இறங்கினால் பாடத்தை நிறுத்திவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்புங்கள்.

கடலோர வீடுகளில் சார்ஜ் துளையில் உப்பு ஈரம் படிந்து பச்சை பூக்கும். அதனால்தான் கேபிளை ஆட்டினால்தான் சார்ஜ் ஏறும் என்ற நிலை வருகிறது. கைபேசியை அணைத்து, உலர்ந்த மரப் பல்குச்சியால் மெதுவாகச் சுத்தம் செய்யுங்கள், ஊசி வேண்டாம். ஈரம் உள்ளதாக எச்சரிக்கை காட்டினால் அது மறையும் வரை செருகக் கூடாது. மழை மாதங்களில் துளைக்கு ரப்பர் மூடி போட்டு வையுங்கள், கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும்.